தங்கையின் மாதவிடாய் வலியும் சாக்லேட் கட்டியும்: எண்டோமெட்ரியோசிஸ் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. பத்தாம் வகுப்பிலிருந்தே மாதவிலக்கு வந்தால் முதல் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள். வாந்தி, மயக்கம் எல்லாம் வரும். ஊசி போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். இரண்டு முறை ஸ்கேன் எடுத்தோம், நார்மல் என்றார்கள். போன மாதம் எடுத்ததில் இடது சினைப்பையில் 4 செ.மீ. சாக்லேட் கட்டி என்று வந்திருக்கிறது. சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனை 78. கேன்சராக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. பார்த்த டாக்டர், "சீக்கிரம் கல்யாணம் பண்ணுங்க, ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்கிறார். அம்மாவோ, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, 47 வயசாகியும் இன்னும் விடலை, பொம்பளையாப் பொறந்தா தாங்கித்தான் ஆகணும்" என்கிறார். இது என்ன நோய்? ஆபரேஷன் தேவையா? பிறகு குழந்தை பிறக்குமா?

பதில்:

முதலில் அந்த 78-ஐப் பார்த்துவிடுவோம். வீட்டில் எல்லோர் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். சிஏ-125 பொதுவாக 35-க்குள் இருக்க வேண்டும் என்று ரிப்போர்ட்டில் அச்சடித்திருப்பார்கள். ஆனால் மாதவிலக்கு நாட்களில் எடுத்தால் ஏறும். கர்ப்பத்தில் ஏறும். வயிற்றில் டிபி இருந்தால் ஏறும், கருப்பையில் ஃபைப்ராய்டு என்ற சதைக்கட்டி இருந்தால் ஏறும், எண்டோமெட்ரியோசிஸில் தாராளமாக ஏறும். 24 வயதுப் பெண்ணுக்கு, ஸ்கேனில் சாக்லேட் கட்டிக்குரிய தோற்றம் தெளிவாகத் தெரியும்போது, 78 என்ற எண் புதிதாக எதையும் சொல்வதில்லை. எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்றே ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. கேன்சரைப் பொறுத்தவரை, ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சராசரியாக 100-க்கு 1.3 என்றால், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு அது 2-க்குக் கொஞ்சம் கீழே. கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வயதில் தூக்கத்தைத் தொலைக்க வேண்டிய அளவு இல்லை. கட்டிக்குள் இரத்த ஓட்டத்தோடு திடமான சதை ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்று ஸ்கேன் டாக்டர் பார்த்திருப்பார். அது இல்லை என்று எழுதியிருந்தால் போதும்.

நோய் என்ன என்பதற்கு வருகிறேன். கருப்பையின் உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் உண்டு. மாதாமாதம் ஹார்மோன்களின் தூண்டுதலால் தடித்து, கரு தங்கவில்லை என்றால் உதிர்ந்து வெளியேறும், அதுதான் மாதவிலக்கு. கிட்டத்தட்ட அதே போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பை மேலும் கருப்பைக்குப் பின்னாலும் குடல், சிறுநீர்ப்பை மேலும் முளைத்தால் அது எண்டோமெட்ரியோசிஸ். தமிழில் "இடமகல் கருப்பை அகப்படலம்" என்று எழுதுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் ஓபியில் உட்கார்ந்து அதைச் சொன்னால் யாரும் திரும்பி வரமாட்டார்கள். வெளியே முளைத்த இந்தத் திசுவும் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு மாதாமாதம் கசிகிறது. வெளியேற வழி இல்லை. அங்கேயே தேங்கி, சுற்றிலும் அழற்சியை உண்டாக்கி, தழும்பாகி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. மழையில் நனைந்து காய்ந்த பாடப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆபரேஷனில் சில பெண்களின் அடிவயிறு அப்படித்தான் இருக்கும். கருப்பை எது, குடல் எது என்று தாள் தாளாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

சினைப்பைக்குள் இப்படிக் கசிந்த இரத்தம் பழையதாகித் திரண்டு, காபி டிகாஷனுக்கும் உருக்கிய சாக்லேட்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தில் நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். அமெரிக்காவின் ஆல்பனி நகரில் இருந்த ஜான் சாம்ப்சன் என்ற மருத்துவர் 1921-இல் இந்தக் கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு அம்மா என்னிடம், "இவ நிறைய சாக்லேட் தின்பா டாக்டர், அதனாலயா?" என்று கேட்டிருக்கிறார். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். பெயரை வைத்தவர் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரிது. நம் ஊரில் "சினைப்பையில் கட்டி" என்றாலே உடனே "நீர்க்கட்டி" என்று முடிவுகட்டிவிடுவார்கள். நீர்க்கட்டி என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் பிசிஓஎஸ். அதில் மாதவிலக்கு தள்ளிப்போகும், முகத்தில் முடி வளரும், எடை கூடலாம், வலி முக்கியமான தொந்தரவு அல்ல. உங்கள் தங்கைக்கு இருப்பது வேறு நோய். எடை குறைத்தால், நடைப்பயிற்சி போனால், சர்க்கரையை நிறுத்தினால் கரைந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது நீர்க்கட்டிக்கான ஆலோசனை. அதைச் செய்வதால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி இரண்டு வருடம் காத்திருக்கக் கூடாது. மருந்துக் கடையில் வேறொருவரின் சீட்டைக் காட்டி, நீர்க்கட்டிக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு வந்த சாக்லேட் கட்டிக்காரப் பெண்களையும் பார்த்திருக்கிறேன்.

ஏன் வருகிறது என்பதற்கு அதே சாம்ப்சன் 1927-இல் ஒரு விளக்கம் தந்தார். மாதவிலக்கின் போது இரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் சிந்துகிறது, அதிலிருக்கும் படலச் செல்கள் அங்கே ஒட்டி முளைக்கின்றன என்றார். இன்றும் முதலில் சொல்லப்படுவது இதுதான். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இப்படிப் பின்னோக்கிச் சிந்துவது பத்தில் ஒன்பது பெண்களுக்கு நடக்கிறது, நோய் வருவதோ சுமார் பத்தில் ஒருவருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேர். அப்படியானால் மற்றவர்களுக்குச் சிந்தியது எங்கே போகிறது? உடலின் எதிர்ப்பு செல்கள் துடைத்துவிடுகின்றன. சிலருக்கு அந்தத் துடைப்பு சரியாக நடப்பதில்லை. கூடவே அந்தத் திசு தன்னை வளர்க்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரித்துக்கொள்ளும், வளர்ச்சியை அடக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான் சொல்வதைக் கேட்காது. பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏறக்குறைய பாதிப் பங்கு மரபணுவுடையது என்கின்றன. 2023-இல் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயோடு தொடர்புள்ள 42 இடங்களைக் கண்டார்கள். அவற்றில் சில ஒற்றைத் தலைவலி, முதுகுவலி போன்ற வலி நோய்களோடும் பொதுவானவை. "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று உங்கள் அம்மா சொல்வது என் காதுக்கு ஆறுதலாகக் கேட்கவில்லை, குடும்ப வரலாறாகக் கேட்கிறது. தங்கை எதையோ சாப்பிட்டதாலோ, விளையாடியதாலோ, அந்த நாட்களில் தலைக்குக் குளித்ததாலோ இது வரவில்லை.

சரி, இரண்டு ஸ்கேன் ஏன் நார்மல் என்று வந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பெண்கள் வருடங்களைத் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

இந்த நோய் மூன்று உருவில் இருக்கும். வயிற்றின் உள்சவ்வில் மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகளாகத் தெளித்தாற்போல் இருப்பது ஒன்று. சினைப்பையில் சாக்லேட் கட்டியாக இருப்பது ஒன்று. கருப்பைக்குப் பின்னால் குடலுக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் பக்கத்தில் ஆழமாகப் புதைந்து முடிச்சு முடிச்சாக இருப்பது இன்னொன்று. முதல் வகை எந்த ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. இரண்டாவது, கட்டி கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்த பிறகு தெரியும். மூன்றாவது தெரியும், ஆனால் தேடினால்தான் தெரியும். கல்யாணம் ஆகாத பெண் என்றால் நம் ஊரில் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அடிவயிற்றின் மேல் ஸ்கேன் வைப்பார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் கருப்பையும் சினைப்பையும் மேலோட்டமாகத் தெரியும். பின்பக்கத்து முடிச்சுகளையும் உறுப்புகள் ஒட்டியிருக்கின்றனவா, வழுக்கி நகர்கின்றனவா என்பதையும் பார்க்க, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள் ஸ்கேன் வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்த டாக்டரும் வேண்டும். உடலுறவு அனுபவம் இல்லாத பெண்ணுக்கு உள் ஸ்கேன் செய்ய மாட்டார்கள், அது சரிதான். ஆனால் அதற்குப் பதிலாக எம்ஆர்ஐ எடுக்கலாம், மலவாய் வழியாகவும் ஸ்கேன் செய்யலாம். மாற்று வழி இருக்கிறது என்று சொல்லாமல் "நார்மல்" என்று எழுதி அனுப்புவதைத்தான் நான் குறையாகச் சொல்வேன். அந்த ரிப்போர்ட்டின் நேர்மையான மொழிபெயர்ப்பு "இந்த ஸ்கேனில் எனக்கு எதுவும் தெரியவில்லை" என்பதே.

முன்பெல்லாம் லேப்ராஸ்கோபி செய்து, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விட்டுக் கண்ணால் பார்த்து, சதை எடுத்துப் பரிசோதித்தால்தான் நோய் உறுதி என்போம். நான் படித்த காலத்தில் அதுதான் பாடம். நான் முன்பே சொன்ன 2022 வழிகாட்டுதல் இதை மாற்றியது. அறிகுறிகள் பொருந்தினால், ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் கூட, மருந்து கொடுத்துப் பார்க்கலாம், மருந்து பயன் தராதபோதோ மருந்து எடுக்க முடியாதபோதோ லேப்ராஸ்கோபியைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவம் ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத மாதவிடாய் வலியோடு வரும் பதின்ம வயதுப் பெண்களுக்கு லேப்ராஸ்கோபி செய்து பார்த்தால், மூன்றில் இரண்டு பேருக்காவது எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2018-இல் எழுதியது. பத்தாம் வகுப்பிலேயே உங்கள் தங்கைக்கு இது தொடங்கியிருக்கலாம்.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்மா லட்சுமி, சமையல் நிகழ்ச்சிகளால் உலகம் அறிந்தவர். 13 வயதில் தொடங்கிய வலிக்கு 36 வயதில்தான் பெயர் கிடைத்தது என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நடுவில் 23 வருடம். 2009-இல் தன் அறுவை சிகிச்சை நிபுணரோடு சேர்ந்து இந்த நோய்க்கென அமெரிக்காவில் ஒரு அமைப்பைத் தொடங்கினார். நியூயார்க்கில் வசதியோடு வாழ்ந்தவருக்கே இத்தனை வருடம் என்றால், கரூரிலோ கமுதியிலோ இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

எது சாதாரண வலி, எது இல்லை? மாதவிலக்கில் வலியே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் அடிவயிற்றில் இழுத்துப் பிடித்து, ஒரு மாத்திரைக்கு அடங்கி, வேலையைச் செய்ய விடும் வலி சாதாரணம். வகுப்பையோ வேலையையோ தவற வைப்பது, வருடா வருடம் கூடிக்கொண்டே போவது, இரத்தம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்குவது சாதாரணம் அல்ல. நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, பெண்கள் கூச்சப்பட்டுத் தாமாகச் சொல்லாதது: அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது ஆசனவாய் பக்கம் கத்தியால் குத்துவது போல் வலிக்கிறதா? சிறுநீர் கழிக்கும்போது? வலி தொடை வழியாகக் காலுக்கு இறங்குகிறதா? "ஆமாம்" என்றால் ஆழமாகப் புதைந்த வகையைத் தேடிப் பார்க்க வேண்டும். சிறுநீர்க்குழாயை இது நெரித்தால், வலியே இல்லாமல் ஒரு சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழந்துவிடும். அதனால் ஸ்கேன் எடுக்கும்போது சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குக் கூடுதலாக ஐந்து நிமிடம்தான் ஆகும்.

இன்னொன்று, பலருக்குப் புரியாதது. நோயின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. நோயை ஒன்று முதல் நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். நான்காம் நிலையில் எல்லாம் ஒட்டிக் கிடந்தும் வலியே தெரியாமல், குழந்தை இல்லை என்று வந்தவர்கள் உண்டு. முதல் நிலையில் நாலு புள்ளியோடு தரையில் புரண்டு அழுதவர்களும் உண்டு. அந்தத் திசுவைச் சுற்றிப் புது நரம்புகள் முளைக்கின்றன. வருடக்கணக்கில் வலிச் செய்தி போய்க்கொண்டே இருந்தால் தண்டுவடமும் மூளையும் அதற்குப் பழகி, சின்னத் தூண்டுதலையும் பெரிதாக வாசிக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் சிலருக்குக் கட்டியை எடுத்த பிறகும் வலி மிச்சமிருக்கிறது. சீக்கிரம் மருத்துவம் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"கல்யாணம் பண்ணுங்க" என்ற ஆலோசனைக்கு வருவோம். அதன் பின்னால் ஒரு துளி உண்மை இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும் ஒன்பது மாதமும், தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் மாதங்களும் பெரும்பாலும் மாதவிலக்கு வராது, அதனால் பலருக்கு வலி குறையும். பிறகு திரும்ப வரும். நோயைக் குணப்படுத்துவதற்காகக் கர்ப்பமாகச் சொல்லக் கூடாது என்று அதே 2022 வழிகாட்டுதல் நேரடியாகவே எழுதியிருக்கிறது. ஆனால் எனக்குக் கோபம் வருவது வேறு காரணத்துக்கு. இந்த நோயில், அதுவும் கருப்பைக்குப் பின்னால் முடிச்சு இருந்தால், உடலுறவின்போது ஆழத்தில் கடுமையாக வலிக்கும். வலி குறையும் என்று நம்பிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்குப் புது வலி ஒன்று சேரும். அதை யாரிடமும் சொல்ல முடியாது. கணவன், "இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று நினைப்பான். ஆறு மாதத்தில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று மாமியார் வீட்டில் கேட்க ஆரம்பிப்பார்கள். இப்படி ஒருத்தரோடொருத்தர் பேசாமலே பிரிந்துபோன தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். நோய்க்குப் பெயர் தெரிந்திருந்தால் அந்த வீடுகளில் வேறு மாதிரிப் பேச்சு நடந்திருக்கும். தங்கைக்குக் கல்யாணம் வேண்டும் என்றால் செய்துகொள்ளட்டும், மருந்தாக வேண்டாம்.

இனி சிகிச்சை. நான் தங்கையை நேரில் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். முடிவு அவரைப் பரிசோதிக்கும் டாக்டருடையது.

ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வலி உச்சத்துக்குப் போன பிறகு ஊசி போடுவதைவிட, வலி தொடங்கப் போகிறது என்று தெரிந்தவுடனே மாத்திரை போடுவது நன்றாக வேலை செய்யும். மெஃபெனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் எல்லாம் வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரப்பதையே தடுப்பவை. சுரந்து முடிந்த பிறகு அவற்றுக்கு வேலை குறைவு. சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் கூடாது. 2023 கடைசியில் மெஃபெனமிக் அமிலத்தைப் பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் ஓர் எச்சரிக்கை விட்டது. அபூர்வமாகச் சிலருக்குக் காய்ச்சல், தோலில் தடிப்பு, உறுப்புகளில் பாதிப்பு என்று கடுமையான ஒவ்வாமை வரலாம். மருந்தைத் தொட்டாலே ஆபத்து என்று அர்த்தம் இல்லை. தோலில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்று அர்த்தம். அதே மருந்து இருக்கும் மெஃப்டால் ஸ்பாஸைக் கடையில் மிட்டாய் மாதிரிக் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பழக்கத்துக்குத்தான் எச்சரிக்கை.

வலி மாத்திரை நோயைத் தொடாது. நோயை அடக்கி வைப்பவை ஹார்மோன் மருந்துகள். இப்போது அதிகம் எழுதப்படுவது டையனோஜெஸ்ட், தினம் 2 மில்லிகிராம், விடாமல். மாதவிலக்கையே நிறுத்தி அந்தத் திசுவைப் பட்டினி போடுவது அதன் வேலை. சாக்லேட் கட்டியும் ஓரளவு சுருங்கலாம். முதல் சில மாதம் திட்டுத் திட்டாக இரத்தக்கசிவு இருக்கும், பலர் இதற்குப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பொறுத்தால் பெரும்பாலும் அடங்கும். மனச்சோர்வு, தலைவலி வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சாதாரண கருத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் எடுப்பதும் நல்ல வழி, விலையும் குறைவு. ஆனால் கண்ணில் மின்னல் வெட்டுவது போல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும் அது ஆகாது. இவை பலிக்காவிட்டால் சினைப்பையை முழுக்க உறங்க வைக்கும் ஊசிகள் இருக்கின்றன. அவற்றை நீண்ட நாள் போட்டால் எலும்பு தேயும், அதனால் கூடவே கொஞ்சம் ஹார்மோனைத் திருப்பிக் கொடுப்பார்கள். கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்களுக்கு காப்பர்-டி போலக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஐந்து வருடத்துக்கும் மேல் உதவும்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா?" என்று வீட்டில் ஒரு புயல் வரும், தெரியும். மாத்திரையின் பெயரைக் குடும்பக்கட்டுப்பாடு பிடித்துக்கொண்டது, பாவம் மருந்து என்ன செய்யும்? இதைச் சாப்பிட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்பதும் தவறு. நிறுத்தியதும் சினைமுட்டை வெளிவருவது திரும்பிவிடும். அதே சமயம், இவற்றில் எதுவும் நோயை வேரோடு எடுப்பதில்லை. சாப்பிடும்வரை அடங்கியிருக்கும்.

ஆபரேஷன்? 4 செ.மீ. கட்டி என்பதற்காக மட்டும் 24 வயதில் கத்தி வைக்க நான் அவசரப்பட மாட்டேன். சாக்லேட் கட்டியின் சுவர் நல்ல சினைப்பையோடு பிசின் போல ஒட்டியிருக்கும். உரித்தெடுக்கும்போது நல்ல முட்டைகளும் கொஞ்சம் சேர்ந்து போகும். முட்டையின் இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் என்ற இரத்தப் பரிசோதனை அளவு ஆபரேஷனுக்குப் பிறகு குறைவதை நாங்கள் வழக்கமாகப் பார்க்கிறோம். இரண்டு பக்கமும் கட்டி, இரண்டு மூன்று ஆபரேஷன் என்று போனால், 30 வயதில் 42 வயதுக்காரியின் சினைப்பையாகிவிடும். மருந்துக்கு அடங்காத வலி, வேகமாக வளரும் கட்டி, சந்தேகமான தோற்றம், குடலோ சிறுநீர்க்குழாயோ அடைபடுவது, இவை ஆபரேஷனுக்கு நியாயமான காரணங்கள். செய்வதென்றால் ஒரே முறை, இந்த நோயை அதிகம் கையாண்டவரிடம். "ஊசி விட்டு உறிஞ்சி எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சில மாதத்தில் திரும்ப நிரம்பிவிடும். சரியாகச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகும் ஐந்து வருடத்தில் கணிசமானவர்களுக்கு நோய் திரும்புகிறது, அதனால் பிறகு ஹார்மோன் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். ஆபரேஷனுக்குப் போவதற்கு முன் ஏஎம்ஹெச் பாருங்கள். இருப்பு குறைவாக இருந்தால் முட்டையை எடுத்து உறைய வைப்பதைப் பற்றியும் கேட்கலாம். 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி 21 வயது தாண்டிய, கல்யாணமாகாத பெண்ணுக்கும் அதற்கு வழி உண்டு. செலவு அதிகம், எல்லோருக்கும் தேவையும் இல்லை.

குழந்தை பிறக்குமா என்ற கேள்விக்கு நேர் பதில்: பெரும்பாலும் பிறக்கும். இந்த நோய் உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் இருக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மீதிப் பேர் மற்றவர்களைப் போலத்தான் கருத்தரிக்கிறார்கள். ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்வேன். மற்றவர்களை ஒரு வருடம் முயன்று பாருங்கள் என்போம், உங்கள் தங்கை குழந்தைக்கு முயலத் தொடங்கினால் ஆறு மாதத்திலேயே வரட்டும். வயதையும் கருக்குழாயின் நிலையையும் பார்த்து இயற்கையாக முயல்வதா, ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய் முறைக்குப் போவதா என்று முடிவு செய்யலாம். அந்தக் கட்டத்தில் ஹார்மோன் மாத்திரை கொடுத்து ஆறு மாதத்தை வீணாக்கக் கூடாது, அதனால் கருத்தரிப்பு கூடுவதில்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அந்தத் தழும்பிலும் இந்தத் திசு அபூர்வமாக முளைக்கும். தையல் போட்ட இடத்தில் ஒரு கட்டி, மாதவிலக்கு நாட்களில் மட்டும் வீங்கி வலிக்கும். குடலிறக்கம் என்றோ நூல் உள்ளே நின்றுவிட்டது என்றோ சொல்லி அலைய விடுவார்கள். மாதாமாதம் வலிக்கிறது என்ற ஒரு வாக்கியத்தைச் சொன்னால் பாதி நோய் கண்டுபிடித்த மாதிரி. நுரையீரலிலும் வரும், இன்னும் அபூர்வம். மாதவிலக்கோடு சேர்ந்து வலது பக்கம் மார்பு வலியும் மூச்சுத்திணறலும் திரும்பத் திரும்ப வந்தால் யோசிக்க வேண்டும்.

கைவைத்தியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். வெந்நீர்ப் பை உண்மையிலேயே வலியைக் குறைக்கும். சுக்குக் காபி, மோரில் வெந்தயம், உளுந்தங்களி எதற்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. "கட்டியைக் கரைக்கும்" என்று பொட்டலத்தில் தரும் பெயரில்லாத பொடிக்கு மட்டும் ஆட்சேபம் உண்டு. இடுப்புத் தசைகள் வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து இறுகிப்போயிருக்கும். அதைத் தளர்த்தச் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் விடாதீர்கள், மருந்தால் ஆகாத சில வலி அதில் அடங்கும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மூன்று மாதக் காலண்டரைக் கிழித்து எடுத்துப் போங்கள். எந்த நாள் வலி, பத்துக்கு எத்தனை, எத்தனை மாத்திரை, வேலைக்குப் போனாளா, மலம் கழிக்கும்போது வலித்ததா என்று எழுதி. "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்ட எங்களுக்கு, "மூணு மாசத்துல ஏழு நாள் லீவு" என்பது உறைக்கும். தங்கையே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அப்புறம் உங்கள் அம்மா. 47 வயதாகியும் விடவில்லை என்கிறார். இதே திசு கருப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே புகுந்து வளர்வதற்கு அடினோமயோசிஸ் என்று பெயர். நாற்பதுகளில் வலியும் அதிக இரத்தப்போக்குமாக வரும், கருப்பை கனத்துப் பருத்திருக்கும். "தாங்கித்தான் ஆகணும்" என்று சொல்பவர் முப்பது வருடமாக அதைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். தங்கையைக் கூட்டிப் போகும் அன்று அவருக்கும் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.